தீப்பிடித்த வீட்டை "புதுசாக்கித் தர்றேன்" என்று வருகிறவர்களிடம் கவனம்

திருச்சியில் அப்பாவும் அம்மாவும் இருக்கும் வீட்டில் போன வைகாசியில் தீப்பிடித்தது. படுக்கையறை ஏசியின் ஸ்டெபிலைசரில் ஆரம்பித்து, ஜன்னல் திரை, மெத்தை, மர பீரோ என்று பரவியது. இருவரும் கொல்லைப்புறத்தில் இருந்ததால் ஒரு காயமும் இல்லை. 101-க்குக் கூப்பிட்டதும் வண்டி வந்து, அந்த ஒரு அறையோடு தீயை நிறுத்திவிட்டார்கள். அந்த வீரர்களுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். நான் எழுத வந்தது அதற்கு அப்புறம் நடந்ததை.

மறுநாள் காலையிலேயே ஒரு கான்ட்ராக்டர் வாசலில் வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. "இன்சூரன்ஸ் இருக்கா ஐயா? இருந்தா ஒண்ணும் யோசிக்காதீங்க. கிளெய்ம் வேலையையும் நம்மாளே பாத்துடுவான். இருபது நாள்ல வீட்டைப் புதுசாக்கித் தர்றேன்" என்றார். அப்பாவுக்கு 71 வயது, இரவெல்லாம் தூங்கவில்லை. ஆறுதலாக யாராவது நாலு வார்த்தை பேசினால் போதும் என்ற நிலையில் இருந்தார். ஒரே தாளில் கொட்டேஷன்: "தீ விபத்து முழு ரிப்பேர், லம்ப்சம், ரூ. 4,50,000". என்ன வேலை, எத்தனை சதுர அடி, என்ன பொருள் என்று ஒரு வரிகூட இல்லை. ஓசூரிலிருந்து போனில் கேட்ட நானும் சரி என்றுதான் சொன்னேன். 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தோம்.

அன்று சாயங்காலமே ஒரு குட்டியானை வண்டி வந்தது. எரிந்த ஏசி, பீரோ, கட்டில், அரைகுறையாகக் கருகிய சாமான் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். அதற்கு "குப்பை அகற்றும் செலவு" என்று தனியாக 35,000 ரூபாய். ஏசியில் இருந்த காப்பரை அவர்தான் விற்றிருப்பார். இரண்டு நாள் கழித்து, சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தபோது அறை சுத்தமாகத் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. "எரிஞ்ச சாமான் எங்க சார்?" என்று கேட்டார். அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. நாங்கள் ஒரு போட்டோகூட எடுத்து வைத்திருக்கவில்லை. பழைய பொங்கல் போட்டோ ஒன்றில் அம்மாவுக்குப் பின்னால் அந்த பீரோ தெரிந்தது. அதைக் காட்டித்தான் பீரோவுக்காவது ஏதோ கிடைத்தது. மற்றவை போனது போனதுதான். சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு கருகிய துணியைக்கூட வெளியே விடாதீர்கள். தீயணைப்புத் துறையிடம் தீ விபத்து அறிக்கைக்கு உடனே விண்ணப்பியுங்கள். கிளெய்முக்குப் பெரும்பாலும் அதைக் கேட்பார்கள்.

ஆடியில் வேலை முடிந்தது. வீடு பளிச்சென்று இருந்தது, நாங்களும் மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டோம். ஐப்பசி மழை ஆரம்பித்ததும் ஹால் சுவரில் தேநீர் சிந்தினாற்போலப் பழுப்புக் கறை இறங்கியது. எரியாத அறைகளிலும் இதே கதிதான். கூடவே அந்தக் கருகிய வாடை. அம்மா சாம்பிராணி போட்டுப் பார்த்தார், போகவில்லை. புகைக்கரியில் எண்ணெய்ப்பசை உண்டு. அதை முதலில் காய்ந்த ஸ்பாஞ்சாலோ வேக்குவமாலோ எடுத்து, அப்புறம் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கறையை அடைக்கும் பிரைமர் அடித்த பிறகுதான் பட்டி பார்க்க வேண்டும். கான்ட்ராக்டரின் ஆட்கள் கரியின் மேலேயே பட்டி பூசி எமல்ஷன் அடித்திருந்தார்கள்.

கரி சுவரோடு நிற்பதும் இல்லை. பிவிசி ஒயர் எரிந்த புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். கதவுக் கீல், தாழ்ப்பாள் எல்லாம் சில மாதத்தில் துருவேறிவிட்டன.

கறைக்காகத்தான் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரையும், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரையும் கூப்பிட்டோம். எலக்ட்ரீஷியன் படுக்கையறை சுவிட்ச் போர்டைத் திறந்து ஒயரை லேசாக வளைத்தார். மேலுறை காய்ந்த குச்சி மாதிரி படக்கென்று உடைந்து உள்ளங்கையில் விழுந்தது. உள்ளே செம்புக் கம்பி வெறுமையாகத் தெரிந்தது. சாதாரண வீட்டு ஒயரின் பிவிசி உறை 70 டிகிரி வெப்பத்துக்கு மட்டுமே செய்யப்பட்டது. எரிந்த அறையின் ஒயரை மாற்றாமல் புது சுவிட்சை மட்டும் மாட்டியிருந்தார்கள். அதில்தான் நான்கு மாதம் ஃபேன் ஓடியது, செல்போன் சார்ஜ் ஏறியது. ஒயரின் உறை கெட்டிருக்கிறதா என்று மீட்டரால் பார்க்கும் மெக்கர் டெஸ்ட் எடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அப்பாவும் அம்மாவும் அந்த அறையில்தான் படுத்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு கலங்குகிறது.

இன்ஜினியர் சின்னச் சுத்தியலால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று கேட்ட சத்தம், ஏசி இருந்த மூலையில் டொப், டொப் என்று மாறியது. பட்டியைச் சுரண்டினால் கான்கிரீட் இளஞ்சிவப்பாக இருந்தது. ஏறக்குறைய 300 டிகிரியைத் தாண்டிச் சூடேறிய கான்கிரீட் பல நேரம் இந்த நிறத்துக்கு மாறும், அதற்கு மேல் போகப்போக வலுவும் குறையும் என்று விளக்கினார். இன்னும் தோண்டினால் கம்பி வெளியே தெரிந்தது. பெயர்ந்து விழுந்த இடத்தில் சிமெண்டை அப்பி, மேலே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். முதலில் தளம் இறங்காமல் கீழிருந்து தாங்க சென்ட்ரிங் முட்டு கொடுங்கள், அதுவரை யாரும் உள்ளே படுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாங்கியது 12,000 ரூபாய்.

"இன்ஜினியர் எல்லாம் தண்டச் செலவு ஐயா" என்று கான்ட்ராக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அப்பா வைத்திருந்தது 2021-இல் வந்த பாரத் கிரஹ ரக்ஷா என்ற வீட்டு இன்சூரன்ஸ் பாலிசி. அதில் இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட் கட்டணத்துக்கு கிளெய்ம் தொகையில் 5% வரைக்கும், இடிபாடு அகற்ற 2% வரைக்கும் உண்டு. வீடு குடியிருக்க முடியாமல் போனால் மாற்று வீட்டு வாடகைக்கும் வழி இருக்கிறது. பாலிசி தாளை நான் எழுத்து எழுத்தாகப் படித்தது கிளெய்ம் முடிந்த பிறகு. அவருடைய "நம்மாள்" இதில் ஒன்றையும் கேட்கவே இல்லை.

பில்லிலும் ஏமாற்று. கையால் எழுதிய தாளில் ஒரு ஜிஎஸ்டி எண் இருந்தது, தமிழ்நாட்டுக்குரிய 33-இல்தான் தொடங்கியது. ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தால் ரத்தான எண். சர்வேயர் அந்த பில்லை ஏற்கவில்லை, தானே மதிப்புப் போட்டார். இன்சூரன்ஸில் வந்தது 3,10,000. கான்ட்ராக்டருக்குக் கொடுத்தது 4,85,000. இப்போது மறுபடி செய்யும் வேலைக்கு, மேல்தள ஸ்லாபுக்கு 1,40,000, முழு ஒயரிங்குக்கு 1,15,000, சுரண்டிக் கழுவி பெயின்ட் அடிக்க 1,60,000 என்று இன்னொரு 4,15,000. ஒரு அறை எரிந்ததற்கு.

இந்த முறை வேலையைப் பிரித்து எழுதி வாங்கியிருக்கிறோம். சுரண்டியது, கழுவியது, ஒயர் இழுத்தது, ஒவ்வொன்றும் முடிந்து இன்ஜினியர் பார்த்த பிறகுதான் அடுத்த தவணை. பட்டி பூசும் முன் சுவரையும் தளத்தையும் போட்டோ எடுத்துக்கொள்கிறோம்.

அந்த கான்ட்ராக்டர் இப்போது போனை எடுப்பதில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று புகார் கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே போகலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சுரண்டிய கான்கிரீட் துண்டையும் உடைந்த ஒயரையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வாய்தா தை மாதம். அந்த ஒற்றைத் தாள் கொட்டேஷனின் நகலும் என்னிடம் இருக்கிறது. திருச்சி பக்கம் யாருக்காவது இதே மாதிரி ஒரு தாள் வந்திருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்னிடம் கேளுங்கள், எந்த நேரமானாலும் அனுப்பி வைக்கிறேன்.