கொடுக்கல் வாங்கல்: ரப்பர் விளையில் தேன்பெட்டி வைக்கும் சேவை

‘கொடுக்கல் வாங்கல்’ என்றதும் பலருக்குக் கடனும் வட்டியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவையும் நாம் அதே சொல்லால்தான் குறிப்பிடுகிறோம். “அவங்களோட எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது” என்று ஒருவர் சொன்னால், பணம் மட்டுமன்று, போக்குவரத்தே இல்லை என்று பொருள். இரு தரப்புக்கும் பலன் தரும் உறவு என்ற அந்த விரிந்த பொருளில்தான், மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்பவர் ஒருவர் குலசேகரத்துக்கு அருகில் உள்ள எங்கள் ரப்பர் விளையில் (தோட்டத்தில்) இவ்வாண்டு 30 தேன்பெட்டிகள் வைத்ததை மதிப்பிடுகிறேன்.

ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும் மாதங்களில் நாங்கள் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டை நிறுத்திவிடுவோம். வருமானம் இல்லாத அந்த நாட்களில்தான், மூன்று இலைகள் கூடும் காம்பின் நுனியில் இனிப்பு நீர் சுரக்கிறது. ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதன்று. ஆகவே தேனீயால் ரப்பர் மகசூல் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விளையோரத்துத் தென்னைகளின் மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீ உதவும் என்பது உண்மை. எங்களுக்குக் கைமேல் கிடைத்த பலன், பாட்டப் பணத்துக்குப் பதிலாக அவர் தந்த 6 கிலோ தேன். இந்தத் தேனில் நீர்ச்சத்து கூடுதல் என்பதால் அப்படியே வைத்தால் புளித்துவிடும். அவர் அதைக் கொதிநீரில் பாத்திரத்தோடு வைத்துச் சூடாக்கி, பக்குவப்படுத்தி, வடிகட்டியே கொடுத்தார். பதிலுக்கு நாங்கள் அந்த மாதங்களில் பூச்சிமருந்து அடிக்கவில்லை.

குறையும் உண்டு. நடைபாதையை ஒட்டி வைத்த 4 பெட்டிகளால், உரமிட வந்த அக்கா ஒருவருக்குக் கொட்டு விழுந்து முகம் வீங்கிவிட்டது. எங்கே வைப்பது என்று தேனீ வளர்ப்பவர் முன்பே எங்களிடம் கேட்டிருக்க வேண்டும். சற்றுத் தள்ளி வைத்தால் தேனீக்கள் பழைய இடத்தையே தேடி வரும் என்பதால், அன்றிரவே, அவை கூடடைந்த பின், அந்த நான்கையும் வேறு ஊருக்கு ஏற்றிச் சென்றார். மறுநாள் அக்காவின் வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவித்து, மருந்துச் செலவையும் கொடுத்தார்.

அடுத்த தை மாதத்துக்கு 26 பெட்டிகள் என்று பேசி முடித்திருக்கிறோம். அவை வைக்க வேண்டிய இடங்களில் நானே குச்சி நட்டுக் காட்டுவேன்.