மதுரை அரவிந்தின் மாறுகண் பிரிவு: பொறுமையாக அளந்து பார்க்கும் இடம்

மாறுகண் என்றதும் அறுவை சிகிச்சைதான் வழி என்று அஞ்சி நாள் கடத்தும் பெற்றோருக்கு, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் குழந்தைகள் கண் நலம் மற்றும் மாறுகண் பிரிவைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய இந்த மருத்துவமனையைக் கண்புரைச் சிகிச்சைக்காகவே பலரும் அறிவார்கள். என் தங்கை மகளுக்காக நாங்கள் நாடியது இந்தப் பிரிவை.

நான்கு வயதான அவளுக்கு, அருகில் உள்ளதை உற்றுப் பார்க்கும்போது வலக்கண் மூக்கை நோக்கித் திரும்பிவிடும். பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் பொம்மையைக் காட்டியபடியே ஒரு கண்ணை மறைத்தும் திறந்தும், மற்றக் கண் எவ்வாறு அசைந்து நிலைகொள்கிறது என்று கவனித்தார். பின்னர், ஒளியின் திசையைத் திருப்பும் கண்ணாடித் துண்டுகளான பட்டகங்கள் வரிசையாகப் பதித்த சட்டத்தைக் கண்முன் பிடித்து, அந்த அசைவு நிற்கும் அளவு எது என்பதை அருகிலும் தொலைவிலும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டார். குழந்தை சிணுங்கியபோது நிறுத்தி, அவள் தெளிந்த பிறகு மீண்டும் அளந்த பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன். அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தால், தசையை எத்தனை மில்லிமீட்டர் பின்தள்ளித் தைப்பது, எவ்வளவு வெட்டிச் சுருக்குவது என்பதெல்லாம் இந்த அளவை வைத்தே முடிவாகும்.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையையும் பார்த்தார்கள். இதை எந்த மருத்துவமனையிலும் விட்டுவிடக் கூடாது. விழித்திரைப் புற்றுநோய்கூடச் சில குழந்தைகளிடம் முதலில் மாறுகண்ணாகவே வெளிப்படும்.

அவளுக்கு இருந்தது அதிகமான தூரப்பார்வைக் குறைபாடு. தெளிவாகப் பார்ப்பதற்காகக் குழந்தை கண்ணின் குவியத் தசையை இறுக்கும்போது, அதனோடு இணைந்த இயக்கமாக இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன. கண்ணாடி அந்த வேலையை ஏற்றுக்கொண்டால் திரும்புவதற்கான தூண்டுதல் குறைகிறது. மருத்துவர் இதைப் படம் வரைந்து விளக்கியதோடு, கண்ணாடியைக் கழற்றினால் கண் மறுபடியும் திரும்பும் என்றும், அதைக் கண்டு கண்ணாடி பலிக்கவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது என்றும் முன்கூட்டியே எச்சரித்தார். அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் நிகழவிருந்த பல வாக்குவாதங்களைத் தவிர்த்தது. இப்போது கண்ணாடி அணிந்திருக்கும் வரை அவள் கண்கள் நேராக இருக்கின்றன.

வலக்கண்ணில் பார்வை மங்கியிருந்ததால், அதற்கு வேலை கொடுப்பதற்காக நல்ல கண்ணின் மேல் தினமும் இரண்டு மணி நேரம் பட்டை ஒட்டச் சொன்னார்கள். நேரம் போதுமா என்ற ஐயம் எனக்கும் எழுந்தது. மூளை சரிவரப் பயன்படுத்தாததால் ஒரு கண்ணின் பார்வை மங்கும் நிலைக்குச் சோம்பேறிக் கண் என்று பெயர். அது மிதமாக உள்ள சிறுவர்களுக்கு இரண்டு மணி நேரமும் ஆறு மணி நேரமும் ஒத்த பலனையே தந்ததாக 2003இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. பட்டை ஒட்டிய நேரத்தில் வண்ணம் தீட்டுதல் போன்ற அருகு வேலைகளைத் தருவதும் அந்த ஆய்வின் முறையில் இருந்ததுதான்.

‘மாறுகண் அதிர்ஷ்டம்’, ‘வளர வளரச் சரியாகும்’ என்ற பேச்சுகளுக்கு இனியும் செவிகொடுக்க வேண்டாம் என்று பெற்றோரைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மூளை பயன்படுத்தாமல் ஒதுக்கும் கண்ணின் பார்வையை மீட்பது வயது ஏற ஏறக் கடினமாகிறது. பெரியவர்களுக்கும் இங்கே சிகிச்சை உண்டு; ஆனால் ஒருவருக்குத் திடீரென ஒன்று இரண்டாகத் தெரியத் தொடங்கினால், அதற்கு நீரிழிவோ நரம்புப் பாதிப்போ காரணமாகலாம் என்பதால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

செல்பவர்கள் ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். சொட்டு மருந்து வேலை செய்ய நேரமாகும், அதன்பின் சில மணி நேரம் வெளிச்சம் கூசும். பழைய கண்ணாடியையும், குழந்தை நேராகப் பார்க்கும் பழைய ஒளிப்படங்கள் சிலவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். மாறுகண் எந்த வயதில் தொடங்கியது என்பதை மருத்துவர் அவற்றிலிருந்தே ஓரளவு கணித்துவிடுவார்.