"எட்டு போடாமலே பைக் லைசென்ஸ்" என்று சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்

உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வீட்டில் பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகள் இருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். "ரூல் மாறிவிட்டது, இனி ஆர்டிஓ ஆபீசில் எட்டு போட வேண்டாம், எங்கள் சர்டிபிகேட் இருந்தால் லைசென்ஸ் வீட்டுக்கே வந்துவிடும்" என்று சொல்லி, எங்கள் பக்கத்து டிரைவிங் ஸ்கூல் ஒன்றில் என் அக்காவிடம் 7,500 ரூபாய் வாங்கினார்கள். லைசென்ஸ் வரவில்லை. வந்தது 5,000 ரூபாய் அபராதம்.

அத்தான் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் கடலுக்குப் போக முடியாது. அதற்கு ஒரு குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணமே 8,000 ரூபாய்தான். கிட்டத்தட்ட அந்தப் பணம் மொத்தமும் இந்தக் கடைக்குப் போய்விட்டது. பையன் பிளஸ் டூ முடித்திருந்தான். ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் ராத்திரி ஷிப்டு வேலை கிடைத்தது, பஸ் இல்லாத நேரம், பைக் இல்லாமல் முடியாது. இப்படி அவசரத்தில் இருக்கும் வீடுகளைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். "தம்பி ஆபீஸ் பக்கமே வர வேண்டாம்க்கா, எல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்று சொன்னபோது அக்காவுக்கு அது உதவியாகத்தான் தெரிந்தது.

முதல் வேலையாகப் பையனின் ஆதார் ஓடிபியைக் கேட்டு வாங்கினார்கள். அன்று சாயங்காலமே எல்எல்ஆர் (வண்டி பழகுவதற்கான தற்காலிக லைசென்ஸ்) வந்துவிட்டது. அது நிஜமான எல்எல்ஆர். அதனால்தான் நம்பிக்கை வந்தது. பையன் உட்கார்ந்து பார்க்க வேண்டிய சாலைப் பாதுகாப்பு வீடியோ, அவனே பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் எல்லாவற்றையும் கடைக்காரரே முடித்துவிட்டார். விண்ணப்பத்தில் கடையின் போன் நம்பரைப் போட்டிருந்தார். இன்னும் மோசம், கியர் இல்லாத வண்டி என்ற வகைக்கு மட்டும் விண்ணப்பித்திருந்தார். வீட்டில் இருப்பது கியர் பைக். அப்புறம் ஒரு காலி இடத்தில் கொஞ்ச நாள் வண்டி ஓட்டவிட்டு, லேமினேஷன் செய்த ஒரு சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்தார்கள். "லைசென்ஸ் வரும் வரைக்கும் இதைக் காட்டு, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்."

பாம்பன் பக்கம் வண்டிச் சோதனையில் நிறுத்தினார்கள். சர்டிபிகேட்டைப் பார்த்த போலீஸ்காரர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எல்எல்ஆர் கேட்டார். கியர் வண்டிக்கு அதுவும் செல்லாது என்றார். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது வந்த தொகை அது. அபராதமாவது கட்டிவிடலாம். அந்தப் பிள்ளை யார் மேலாவது இடித்திருந்தால்? ஓட்டியவனுக்குச் சரியான லைசென்ஸ் இல்லை என்று காட்டி, கொடுத்த இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி வண்டி உரிமையாளரிடம் திருப்பிக் கேட்க முடியும். வண்டி அத்தான் பெயரில் இருக்கிறது. அதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அடுத்த நாள் நானும் அவனும் மத்திய அரசின் லைசென்ஸ் இணையதளமான பரிவாகன் தளத்தில் விண்ணப்ப நிலையைப் பார்த்தோம். லைசென்சுக்கு விண்ணப்பமே போடவில்லை. எல்எல்ஆரோடு வேலையை நிறுத்திவிட்டார்கள். அதுவரை போன் செய்தபோதெல்லாம் "சர்வர் வேலை செய்யலை", "ஆபீசர் லீவு" என்றே பதில்.

அந்த "புது ரூல்" எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது, அதுதான் ஆபத்து. 2021 ஜூனில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது, ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அரசு அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் முறையாகப் படித்துத் தேறினால் ஆர்டிஓ ஆபீசில் ஓட்டிக் காட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அந்த மையத்துக்கு, டூவீலர், கார் பயிற்சிக்கே குறைந்தது ஒரு ஏக்கர் நிலம் வேண்டும். அது தரும் சான்றிதழ் படிவம் 5பி. நம் ஊரில் போர்டு மாட்டியிருக்கும் சாதாரண டிரைவிங் ஸ்கூல்கள் தருவது படிவம் 5, அதற்கு எந்த விலக்கும் கிடையாது. 2024-இல் "ஜூன் 1 முதல் டெஸ்ட் தேவையில்லை" என்று செய்தி பரவியபோது, விதி எதுவும் மாறவில்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. அந்தப் பழைய செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டைத்தான் அக்காவிடம் காட்டியிருக்கிறார்கள். எங்களிடம் பணம் வாங்கிய இடம் ஒற்றை அறைக் கடை. பையனிடம் இருந்த சர்டிபிகேட்டில் படிவ எண்ணே இல்லை.

உண்மையில் மாறியிருப்பவை நமக்கு வசதியானவை. ஆதாரை வைத்து வீட்டிலிருந்தே எல்எல்ஆர் எடுக்கலாம். முடியாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம், அங்கே சேவைக் கட்டணம் 60 ரூபாய். எல்எல்ஆர் கட்டணம் 150, அதற்கான தேர்வுக்கு 50, ஓட்டிக் காட்டும் டெஸ்டுக்கு 300, லைசென்சுக்கு 200. இதோடு சின்னச் சின்னச் சேவைக் கட்டணம் சேரும், ஆனாலும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற காரியம். எல்எல்ஆர் வந்து 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். லைசென்ஸ் 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து தபாலில்தான் வருகிறது, ஆகவே "கையோடு வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள் சொந்த வண்டிக்கு லைசென்ஸ் எடுக்க டாக்டர் சர்டிபிகேட்டும் வேண்டாம். அதற்கென்றும் எங்களிடம் தனியாகப் பணம் வாங்கியிருந்தார்கள்.

வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்து நியாயமாகப் பணம் வாங்கும் ஸ்கூல்களும் இருக்கின்றன, அவர்களை நான் சொல்லவில்லை. பணம் கொடுப்பதற்கு முன் படிவ எண் என்ன, எந்த வகை வண்டி, விண்ணப்பத்தில் யாருடைய போன் நம்பர் என்ற மூன்றையும் கேளுங்கள். ரசீதில் கடையின் பெயரும் முத்திரையும் வேண்டும். எங்களுக்குக் கொடுத்தது தொகை மட்டும் எழுதிய வெள்ளைத் துண்டுச் சீட்டு. ஆதார் ஓடிபியை எவரிடமும் சொல்லாதீர்கள்.

இப்போது கியர் வகையைச் சேர்த்து இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பித்துவிட்டோம், பையனின் சொந்த நம்பரைக் கொடுத்து. கடையில் நான்கு பேராகப் போய்க் கேட்டதில் 3,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதிக்கு நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். போனில் பணம் அனுப்பியதற்கான விவரம் கையில் இருந்ததால் அது எளிதாக இருந்தது. ஓடிபி சொன்ன பிறகு கணக்கில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள்.

எல்எல்ஆர் ஆறு மாதம்தான் செல்லும். தடைக்காலத்தில் இதே மாதிரி "பேக்கேஜில்" எடுத்தவர்களின் எல்எல்ஆர் கார்த்திகைக்குள் காலாவதி ஆகிவிடும். இன்றைக்கே பரிவாகன் தளத்தில் எல்எல்ஆர் எண்ணைப் போட்டு, வண்டி வகையும் கடைசித் தேதியும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.