ராம்நாட்ல ஈகாக் டெஸ்ட் எடுத்த காது சென்டர்: 5-க்கு 4 ஸ்டார்

அம்மாவுக்கு தலைசுத்தலும் இடது காதுல இரைச்சலும் விட்டு விட்டு வந்துட்டே இருந்துச்சு, பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்குறவங்கன்னா முங்கி முங்கி காது போயிருக்கும்னு எல்லாரும் அசால்ட்டா சொல்லிருவாங்க, ஆனா ஈஎன்டி டாக்டர் மெனியர்ஸுங்குற உள்காது நோயா இருக்கலாம், ஈகாக் (எலக்ட்ரோகாக்ளியோகிராஃபி) எடுங்கன்னுட்டார். உள்காதுல சங்கு மாதிரி சுருண்டு கெடக்குற காக்ளியாவுல சத்தம் விழுறப்ப வர்ற கரண்ட அளக்குறதுதான் அது. மைக்ரோவோல்ட் கணக்கு, கொஞ்சம் சொதப்புனாலும் ரிசல்ட் மாறிரும்.

முன்னாடி வேற ஒரு எடத்துல (பேர் வேணாம்) குரும்பி இருக்கான்னுகூட பாக்காம ஒரே ஒரு வாட்டி ஓட்டிட்டு பாசிட்டிவ்னு பேப்பர நீட்டிட்டாங்க. இங்க முதல்ல குரும்பிய எடுத்தாங்க, டிம்பனோமெட்ரி போட்டு நடுக்காதுல நீர் கீர் இல்லன்னு பாத்தாங்க, அப்புறம் நெத்தியில ஜெல்ல போட்டு தேய் தேய்னு தேச்சு, இம்பீடன்ஸ் (தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவுல இருக்குற மின்தடை) 5 கிலோ ஓமுக்கு கீழ வந்தாத்தான் ஆச்சுன்னு நின்னாங்க. "என்னத்தா, தோல உரிச்சிருவ போல"ன்னு அம்மா கேட்டுருச்சு. போன், டியூப்லைட் எல்லாம் ஆஃப், ஏன்னா 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் உள்ள பூந்துரும். பல்ல கடிக்காம கழுத்த லூசா விட்டு படுக்கணும், தசை இறுகுனா அந்த சிக்னலே காணாம போயிரும்.

அப்புறம் 90 டெசிபெல்ல டிக் டிக்னு ஆயிரத்துக்கு மேல சத்தம் குடுத்து ஆவரேஜ் எடுக்குறாங்க. அதையே திரும்பவும் ஓட்டி ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காருதான்னு பாத்தாங்க பாருங்க, எனக்கு நம்பிக்கை வந்ததே அங்கதான்.

டெஸ்ட் எடுத்த ஆடியாலஜிஸ்ட் தங்கச்சி பொறுமையா வெளக்குச்சு. அந்த கோட்டுல எஸ்பி (காக்ளியாவுல வர்ற அலை), ஏபி (காது நரம்புல வர்ற அலை)ன்னு ரெண்டு இருக்கு, எஸ்பிய ஏபியால வகுத்த ரேஷியோ 0.4, 0.5 தாண்டுனா சந்தேகப்படுவாங்களாம், ஆனா எலக்ட்ரோட காது துவாரத்துல வைக்கிறாங்களா, செவிப்பறை மேலயா, இல்ல ஊசியா உள்ள எறக்குறாங்களான்னு பொறுத்து அந்த நம்பர் மாறும், அதனால பழைய ரிப்போர்ட்டோட ஒப்பிடாதீங்கன்னுச்சு. காது ரொம்ப மந்தமாகிட்டா ஏபி அலையே சரியா எழும்பாது. தலைசுத்தல் இல்லாத நாள்ல எடுத்து நார்மல்னு வந்தாலும் மெனியர்ஸ் இல்லன்னு அடிச்சு சொல்ல முடியாதாம். இவ்வளவு ஓப்பனா யாரு சொல்றா?

கொறைன்னா, சென்டர் ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, தலைசுத்துறவங்கள படியேத்துறது யாரு ஐடியாவோ. நடுவுல கரண்ட் போயி மொதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க, அது அவங்க தப்பு இல்ல. ரிப்போர்ட் மறுநாள்தான், வாட்ஸ்அப்ல கேட்டா முடியாதுன்னுட்டாங்க, பாம்பன்ல இருந்து திரும்ப பஸ் ஏறணும், அதுக்குத்தான் ஒரு ஸ்டார் கட்.