வெளிநாட்டு ஊழியப் பயணம்: காப்பகமா, கிராமப் பணியா, நீண்டகாலச் சேவையா?

சபையிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ வெளிநாட்டுக்குச் சேவைக்குக் கிளம்புகிறவர்கள் முன் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கும். குழந்தைகள் காப்பகத்தில் இரண்டு வாரம், ஏழைக் கிராமத்தில் கிணறு, கட்டடம், மருத்துவ முகாம் என்று இரண்டு வாரம், அல்லது கைவசம் உள்ள தொழில்திறனோடு போய் ஓரிரு ஆண்டுகள் தங்குவது. குழு திரும்பிய பிறகு அங்கே எது நிலைக்கிறது என்று பார்த்தால், மூன்றுக்கும் உள்ள தூரம் தெரியும்.

மனசை அதிகம் இழுப்பது காப்பகம். அதிகம் கேடு செய்வதும் அதுதான். போன முதல் நாளே குழந்தைகள் ஓடிவந்து ஒட்டிக்கொள்வதைப் பாசம் என்று நினைக்கிறோம். நிலையாகப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத குழந்தை யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் ஒட்டும். ருமேனியாவில் 136 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த புக்கரெஸ்ட் ஆய்வில், இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைகளே நன்றாகத் தேறினார்கள். மாதம் ஒரு குழு வந்து கொஞ்சிவிட்டுப் போனால், குழந்தைக்கு மாதம் ஒரு பிரிவு.

இன்னொரு பக்கமும் உண்டு. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் காப்பகங்கள் 75 சதவீதம் பெருகின. அங்கிருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோரே அனுப்புகிறார்கள். 2010 நிலநடுக்கத்துக்குப் பின் ஹெய்ட்டியில் 33 குழந்தைகளை எல்லை தாண்டிக் கொண்டுபோக முயன்று கைதான அமெரிக்க மிஷன் குழுவும், பெற்றோர் உள்ள பிள்ளைகளைத்தான் அனாதைகள் என்று கொண்டுபோனது.

அப்படியும் காப்பகத்துக்குத்தான் போவது என்றால் முதலில் மூன்றைக் கேளுங்கள்: அரசுப் பதிவு, ஒவ்வொரு குழந்தைக்கும் குடும்ப விவரக் கோப்பு, போன ஆண்டு வீடு திரும்பிய குழந்தைகளின் எண்ணிக்கை. காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்காமலே உள்ளே விடுகிற இல்லத்தை அந்த இடத்திலேயே கைவிடுங்கள். உள்ளே போனால் சமையலறை, கழிப்பறைக் குழாய், பராமரிப்பாளர் பயிற்சி இவற்றில் கை கொடுங்கள். குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சுவது அங்கேயே இருக்கும் பராமரிப்பாளரின் வேலை.

கிராமப் பணியில் நல்லது செய்ய இடம் அதிகம், கெடுக்கவும் அதே அளவு. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் கைப்பம்புகளில் சுமார் மூன்றில் ஒன்று ஓடாமல் கிடக்கிறது என்பது பலகாலக் கணக்கு. பெரும்பாலும் காரணம் சின்னது: தேய்ந்த ஒரு ரப்பர் சீல், அதை விற்கும் கடை பக்கத்தில் இல்லை, வாங்கப் பணம் சேர்ப்பாரும் இல்லை. அக்கம்பக்கக் கிராமங்களில் என்ன பம்பு ஓடுகிறதோ அதையே போடுங்கள். அஃப்ரிடெவ் என்ற வகைக் கைப்பம்பு சுமார் 45 மீட்டர் ஆழம் வரை தாங்கும். சீல் மாற்ற ஒரே ஸ்பேனர் போதும். ஊரிலேயே இரண்டு பேரைப் பிடித்து, அவர்கள் கையாலேயே கழற்றி மாட்டப் பழக்குங்கள். கோடையில் நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது துளையிட வேண்டும். மழைக்காலத்தில் போட்ட கிணறு கோடையில் வறண்டுவிடலாம். தண்ணீரில் ஃபுளோரைடும் ஆர்சனிக்கும் இருக்கிறதா என்று சோதிக்காமல் கிணற்றை ஒப்படைக்கக் கூடாது. குழுக்கள் அதிகம் சறுக்குவது பம்பைச் சுற்றிப் போடும் கான்கிரீட் மேடையில்தான். குறைந்தது ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும். ஊர் திரும்பும் தேதி நெருங்கியதென்று மூன்றாம் நாளே பம்பை மாட்டினால் மேடை வெடிக்கும், அழுக்குநீர் கிணற்றுக்குள் இறங்கும்.

சுவர் எழுப்பும் வேலையைத் தயங்காமல் உள்ளூர்க் கொத்தனாரிடம் கொடுங்கள். கூலி ஊருக்குள்ளேயே நிற்கும். மருத்துவ முகாமில் ஒரு மாத இரத்த அழுத்த மாத்திரை கொடுத்துவிட்டு வருவது வைத்தியம் ஆகாது. உள்ளூர் சுகாதார நிலையத்தில் தொடர்ந்து கிடைக்கிற மருந்தையே எழுதி, நோயாளிக் குறிப்பை அங்கே ஒப்படைக்க வேண்டும். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு காலாவதி மீதமிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எங்கள் கணிப்பில் நீண்டகாலப் பணிக்கே முதலிடம். அமெரிக்க அரசின் தன்னார்வச் சேவை அமைப்பான பீஸ் கோர் தன் ஆட்களை 27 மாதம் அனுப்புகிறது. அதில் முதல் மூன்று மாதம் மொழிக்கும் பயிற்சிக்கும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைச் சாப்பிடும்போது எப்படி நிமிர்த்தி உட்கார வைப்பது, புரையேறாமல் எப்படி ஊட்டுவது என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் பராமரிப்பாளருக்குச் சொல்லிக்கொடுத்தால், அது அந்தப் பிசியோதெரபிஸ்ட் போன பிறகும் அங்கே நடக்கும். முதல் நாளிலிருந்தே உள்ளூர்க்காரர் ஒருவர் கூடவே வேலை பார்க்க வேண்டும். இல்லையென்றால் அங்குள்ள ஒருவரின் சம்பளத்தைத்தான் நாம் பறிக்கிறோம். சுற்றுலா விசாவில் சேவை செய்வது பல நாடுகளில் சட்டமீறல் என்பதால், விசா பொறுப்பைப் பதிவுபெற்ற நிறுவனம் ஏற்கிறதா என்று பாருங்கள்.

அவ்வளவு நாள் ஒதுக்க முடியாதவர்கள் விமானச் சீட்டுக்கு வைத்த பணத்தைக் குழந்தைகளை வீடு சேர்க்கிற உள்ளூர் அமைப்புக்குக் கொடுக்கலாம். குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது, முதல் ஆண்டுப் பள்ளிச் செலவு, வீடு போய்ப் பார்த்து வரும் சமூகப் பணியாளரின் சம்பளம் ஆகிய மூன்றும் தனித்தனியாகக் கணக்கில் காட்டப்படுகிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.