சென்டிபாய்ஸில் சிக்கலில்லை, பவுண்டில்தான்: அலகு மாற்றி ஆப்புடன் ஆறு வருடம்

எண்ணெய், பிசின், பெயின்ட் என்று எது சோதனைக்கு வந்தாலும் அதன் பாகுத்தன்மையை, அதாவது ஓடுவதற்கு அது காட்டும் தடையை, ஓர் அலகிலிருந்து இன்னொரு அலகுக்கு மாற்றிப் பார்க்க ஆறு வருடமாக என் போனில் ஒரே ஆப்தான்.

உண்மையைச் சொல்லட்டுமா? அன்றாட வேலைக்கு அது தேவையே இல்லை. 1 சென்டிபாய்ஸும் 1 மில்லிபாஸ்கல் செகண்டும் ஒன்றேதான், பெயர்தான் வேறு. 10 பாய்ஸ் சேர்ந்தால் 1 பாஸ்கல் செகண்ட். 20 டிகிரி செல்சியஸில் தண்ணீர் கிட்டத்தட்ட 1 சென்டிபாய்ஸ் என்பது நினைவில் இருந்தால் போதும், தசமப் புள்ளி இடம் மாறினால் உடனே கண்ணில் படும்.

பவுண்டு அலகுகள் வரும்போதுதான் ஆப்பைத் திறக்கிறேன். வாங்கிய இரண்டாம் வருடம் கால் இடறியதும் அங்கேதான். பழைய குழாய்க் கணக்கு ஒன்றில் 0.02 பவுண்டு/அடி-செகண்ட் என்று இருந்தது. ஆப்பில் பவுண்டு என்று தேடினால் அடுத்தடுத்து இரண்டு வரிகள்: ஒன்று நிறைப் பவுண்டு, மற்றது விசைப் பவுண்டு. எழுத்துச் சுருக்கத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அவசரத்தில் விசைப் பவுண்டைத் தொட்டுவிட்டேன். வரவேண்டியது சுமார் 30 சென்டிபாய்ஸ், வந்தது 958. சுமார் 32 மடங்கு, அதாவது அடிக்கணக்கில் புவியீர்ப்பு முடுக்கம் எவ்வளவோ அவ்வளவு. ஓட்டம் எப்படிப்பட்டது என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண் அதே அளவு சுருங்கி, கொந்தளிப்பான ஓட்டம் காகிதத்தில் அடுக்கடுக்காகச் சீராகப் போகும் வரிச்சீர் ஓட்டமாக மாறிவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. ஆப்பின் பெருக்கல் சரி, என் விரல்தான் தப்பு. இருந்தாலும் அந்த இரண்டு வரிகளையும் அப்படி ஒட்டி வைத்தவர்மேல் கோபம் இன்னும் தீரவில்லை.

இன்னொரு குறை, சென்டிஸ்டோக்ஸையும் இதே பட்டியலில் போட்டிருக்கிறார்கள். அது கைனமாட்டிக் பாகுத்தன்மையின் அலகு, அதாவது பாகுத்தன்மையை அடர்த்தியால் வகுத்து வருவது. அடர்த்தியால் பெருக்காமல் சென்டிபாய்ஸ் ஆகாது. 46 சென்டிஸ்டோக்ஸ் எண்ணெயின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.86 கிராம் என்றால் விடை 39.6 வரவேண்டும். ஆப் அடர்த்தியைக் கேட்காமலே 46 என்று காட்டுகிறது. இதை நான் மன்னிக்கத் தயாரில்லை.

அப்புறம் ஆப் காட்டும் அந்தப் பன்னிரண்டு தசம இடங்கள். பாகுத்தன்மையை அளக்கும் எங்கள் சுழல் விஸ்காமீட்டரின் துல்லியமே முழு அளவில் 1 சதவீதம்தான். வெப்பநிலை இரண்டு டிகிரி நகர்ந்தால் எண்ணெயின் பாகுத்தன்மையே மாறிவிடும். மூன்று இலக்கம் எழுதிவிட்டு மிச்சத்தை விட்டுவிடுகிறேன்.

ஆப்பை நீக்கவில்லை. போன் உறையின் உள்பக்கம் மட்டும் பாஸ்கல் செகண்டாக மாற்ற எதால் பெருக்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன்: நிறைப் பவுண்டு 1.488, விசைப் பவுண்டு 47.88.