எக்லெஸ்டோனைட் வாங்கினேன்: படத்தில் மஞ்சள், கையில் பழுப்பு

போன மாதம் இணையத்தில் ஒரு கனிமக் கடையில் 48 டாலர் கொடுத்து எக்லெஸ்டோனைட் என்ற பாதரசக் கனிமத்தில் ஒரு மைக்ரோமவுண்ட், அதாவது மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்கான குட்டித் துண்டு, வாங்கினேன். ஒரு அங்குலப் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத் துண்டு ஒன்று, அதன் மேல் கடுகைவிடச் சிறிய படிகங்கள் நான்கைந்து. கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரே ஆள் நடத்துகிற சின்னக் கடை, குறையும் நிறையும் கலந்த அனுபவம். பாதரசக் கனிமம் வாங்கலாமா என்று யோசிக்கிற நாலு பேருக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. எம்.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு அதற்குச் சம்பந்தமே இல்லாத வேலை பார்க்கிறேன், வீடு ஹூஸ்டன் பக்கம். கல் சேர்ப்பது ஆறு வருடப் பழக்கம். மேஜையில் ஒரு ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் உண்டு, அதற்கு மேல் பெரிய வசதி கிடையாது.

முதல் ஏமாற்றம் நிறம். கடை போட்டிருந்த படத்தில் படிகங்கள் எலுமிச்சை மஞ்சளில் மின்னின. வந்ததோ வெல்லப்பாகு நிறம். அதிலும் பெரிய படிகத்தின் ஒரு பக்கம் பாகு முறுகிப்போன மாதிரி கறுத்திருந்தது. ஏமாற்றிவிட்டார்களா என்று கோபம் வந்தது. கொஞ்சம் நிதானமாக யோசித்தால் இது ஏமாற்று வேலை இல்லை, இந்தக் கனிமத்தின் குணமே இதுதான். புதிதாக உடைத்த எக்லெஸ்டோனைட் மஞ்சள் அல்லது ஆரஞ்சு மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் படப்படப் பழுப்பாகும், கடைசியில் கறுப்பாகும்.

காரணம் பாதரசம் இதில் இருக்கும் விதம். தனித்தனி அணுவாக இல்லாமல் இரண்டிரண்டாகப் பிணைந்த ஜோடிகளாக இருக்கிறது. கலோமெலிலும் இதே ஜோடிதான். நம் ஊர் நாட்டுமருந்துக் கடையில் பூரம் என்று சொல்வார்களே, அதுதான் கலோமெல். வெளிச்சம் பட்டால் ஜோடி உடைந்து, ஒரு பங்கு வெறும் பாதரசமாகப் பிரிகிறது. நுண்ணிய துகளாக இருக்கும் பாதரசம் கண்ணுக்குக் கறுப்பாகத்தான் தெரியும். பூரம் கறுப்பது இப்படித்தான், எக்லெஸ்டோனைட்டின் கதையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. ஆக, கறுத்ததற்குக் கடைக்காரரைத் திட்ட முடியாது. ஆனால் படம் எப்போது எடுத்தது என்று போட்டிருக்கலாம். நாலு பக்கமும் கண்ணாடி மாதிரி தெளிவான டப்பாவில் வைத்து அனுப்பாமல் இருந்திருக்கலாம். இரண்டும் அவர் தவறுதான்.

இரண்டாவது விஷயம் லேபிள். "எக்லெஸ்டோனைட், டெர்லிங்குவா, டெக்சஸ்" என்று மட்டும் இருந்தது. டெர்லிங்குவா பழைய பாதரசச் சுரங்க வட்டாரம். கீழே ஒரு வாய்பாடு, அதுவும் ஹைட்ரஜன் இல்லாத பழைய வாய்பாடு. ஆறு பாதரசம், மூன்று குளோரின், இரண்டு ஆக்சிஜன், ஒரே ஒரு ஹைட்ரஜன் என்பதுதான் சரியானது. 1992-இலேயே நியூட்ரான் சிதறல் ஆய்வு அந்த ஒற்றை ஹைட்ரஜனை உறுதி செய்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாகியும் லேபிள் மாறவில்லை.

அதைவிட எரிச்சல், கடையின் தளத்தில் இதை சின்னபாரோடு சேர்த்து சல்ஃபைடு பட்டியலில் போட்டிருந்தார்கள். இரண்டிலும் பாதரசம் இருக்கிறது என்பதற்காக! கனிம வகைப்பாட்டில் உலோகத்தை வைத்து வீடு பிரிப்பதில்லை, கூட இருக்கும் எதிர்மின் அயனியை வைத்துத்தான். சின்னபார், நம் இலிங்கம், கந்தகத்தோடு சேர்ந்ததால் சல்ஃபைடு. மோன்ட்ராய்டைட் வெறும் பாதரச ஆக்சைடு, அதனால் ஆக்சைடு வீடு. எக்லெஸ்டோனைட் குளோரினோடு சேர்ந்ததால் ஹாலைடு, அதிலும் ஆக்சிஜனும் கலந்த கிளை. கனிமங்களுக்கு எண் கொடுத்துப் பிரிக்கும் ஸ்ட்ரன்ஸ் வகைப்பாட்டில் இதன் எண் 3.டிடி.05. முதல் எண் 3 ஹாலைடைக் குறிக்கும், அடுத்த டி ஆக்சிஜன் கலந்தவை, இரண்டாவது டி அவற்றில் பாதரசம் உள்ளவை. டெர்லிங்குவாயிட், மோசசைட், கிளைனைட் எல்லாம் இதே சந்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகள். சல்ஃபைடு பக்கத்தில் தேடுகிறவர் கண்ணில் இது படவே படாது. எனக்குத் தற்செயலாகத்தான் கிடைத்தது.

பக்கத்து வீடுகள் என்றதும் அடுத்த சந்தேகம் வந்தது. இது எக்லெஸ்டோனைட்தானா? டெர்லிங்குவா வட்டாரத்தில் மஞ்சளாக ஒரு டஜன் சமாசாரம் கிடைக்கும். டெர்லிங்குவாயிட்டும் மஞ்சள்தான், ஆனால் அது ஆலிவ் பச்சைக்குப் போகும். அதன் படிகங்கள் ஒற்றைச் சரிவுத் தொகுதி, நீண்ட குச்சிகளாக, மேலே கோடு கோடாக இருக்கும். என் துண்டில் குச்சியே இல்லை. நாற்பது மடங்கில் பார்த்தபோது பெரிய படிகம் அரை மில்லிமீட்டர் இருந்தது. மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் சாய்சதுர முகங்கள் மூன்று ஒரு முனையில் சேர்வது தெளிவாகத் தெரிந்தது. சாய்சதுரப் பன்னிரண்டு முகம், கனச்சதுரத் தொகுதி, எக்லெஸ்டோனைட்டின் வடிவமே இதுதான். அந்த ஒரு நிமிடத்துக்கே 48 டாலரில் பாதி சரியாகிவிட்டது.

மிச்சம் கிளைனைட். அது அறுகோணம், அதுவும் வெளிச்சத்தில் நிறம் மாறும். ஆனால் இருட்டில் வைத்தால் ஓரளவு பழைய நிறத்துக்குத் திரும்பும். சரி என்று டப்பாவை அலுமினியத் தாளில் சுற்றி இரண்டு வாரம் அலமாரியில் வைத்தேன். நடுவில் ஒரு நாள் வீட்டுக்காரர் திறந்து பார்த்து, "பரோட்டா பார்சல்னு நினைச்சேன்" என்றார். இரண்டு வாரம் கழித்தும் அதே பாகு நிறம். கிளைனைட்டும் இல்லை.

ஊர் உண்மைதானா என்று பார்க்க யுவி (புற ஊதா) விளக்கைப் போட்டேன். நீண்ட அலையில் கால்சைட் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. குறுகிய அலையில் நீலம், விளக்கை அணைத்த பிறகும் சில நொடி நீலம் தங்கியது. சேகரிப்பவர்கள் "டெர்லிங்குவா வகைக் கால்சைட்" என்று இதற்குப் பேரே வைத்திருக்கிறார்கள். வேறு ஊர்களிலும் இப்படி ஒளிரும் கால்சைட் உண்டு, அதனால் இதை நீதிமன்றத்தில் வைக்க முடியாது, என் மனசுக்குப் போதும். ஒரு மூலையில் செங்கல் சிவப்பாக ஒரு பொட்டு ஒளிர்ந்தது, அது கலோமெல். எக்லெஸ்டோனைட் படிகங்கள் மட்டும் எந்த வெளிச்சத்துக்கும் மசியாமல் இருட்டாக நின்றன.

இப்போது பெரிய குறை. மைக்ரோஸ்கோப்பில் கால்சைட் பிளவுக்குள் வெள்ளி உருண்டை ஒன்று பளபளத்தது. ஊசி முனையால் டப்பாவை லேசாகத் தட்டினேன், அது நடுங்கியது. திரவப் பாதரசம். டெர்லிங்குவா துண்டுகளில் இது அதிசயமே இல்லை. ஆனால் விற்பனைக் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை, டப்பா மூடிக்கு ஒரு டேப்கூட ஒட்டவில்லை. நான் கையில் வளையலும் மோதிரமுமாகத்தான் பார்சலைப் பிரித்தேன். தங்கத்தில் பாதரசம் பட்டால் வெளுத்துவிடும், அப்புறம் பத்தரிடம் போய் நிற்க வேண்டியதுதான். இப்போது எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் டப்பாவைத் தொடுகிறேன், சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொள்கிறேன். கராஜில் வைத்துவிடு என்று வீட்டில் ஒரு யோசனை வந்தது. ஹூஸ்டன் கோடையில் கராஜ் அடுப்பு மாதிரி கொதிக்கும், பாதரசம் இன்னும் வேகமாக ஆவியாகும். அதனால் மூடிக்கு டேப் ஒட்டி, தகரப் பெட்டிக்குள் வைத்து, சமையலறைக்கு எட்டாத அறையில் கீழ்த் தட்டில் இருக்கிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கனிமமே வேண்டாம் என்பது என் கருத்து.

குறிப்பில் "மிகவும் கனமானது" என்றும் போட்டிருந்தார்கள். எக்லெஸ்டோனைட்டின் அடர்த்தி 8.4 அளவில், இரும்பைவிடக் கூடுதல். உண்மைதான். ஆனால் என் துண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு கால்சைட், கையில் தூக்கினால் சாதாரணக் கூழாங்கல் கனம்கூட இல்லை.

கடைக்காரருக்கு இதையெல்லாம் நீளமாக மின்னஞ்சல் எழுதினேன். மறுநாளே பதில். பாதரசத் துளியைக் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார், முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன், எந்தச் சுரங்கம் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று கேட்டேன். சிசோஸ், மரிபோசா என்று அங்கே பல சுரங்கங்கள், சுரங்கப் பெயர் இல்லாத துண்டுக்கு மதிப்புப் பாதிதான். மூன்று நாளில் பழைய சேகரிப்பாளரின் கையெழுத்து அட்டையைத் தேடி எடுத்துத் தபாலில் அனுப்பினார். மரிபோசா என்று நீல மையில் எழுதியிருக்கிறது. இந்த அட்டைக்காகவே அவருக்கு ஒரு நட்சத்திரம் கூடுதல்.

பேர் வந்த கதை எனக்குப் பிடித்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சுரங்கப் பள்ளியைத் தொடங்கிய தாமஸ் எக்லெஸ்டன் நினைவாக, அதே பள்ளிப் பேராசிரியர் ஆல்ஃபிரட் மோசஸ் 1903-இல் வைத்த பெயர் இது. ஏழு வருடம் கழித்து, 1910-இல், அதே டெர்லிங்குவாவிலிருந்து வந்த இன்னொரு பாதரசக் கனிமத்துக்கு மோசசைட் என்று அவர் பெயரையே வைத்தார்கள். என் அலமாரியில் எக்லெஸ்டன் வந்துவிட்டார், மோசஸ் இன்னும் வரவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். கல்லுக்கும் பழைய அட்டைக்கும் முழு மதிப்பெண். பேக்கிங்குக்கும் சொல்லாமல் விட்ட பாதரசத்துக்கும் வெட்டு. அதே ஆளிடம் ஒரு டெர்லிங்குவாயிட் துண்டுக்கு நேற்று ஆர்டர் போட்டிருக்கிறேன். கூடவே ஒரு வரி: கறுப்பு டப்பா, மூடிக்கு டேப், படம் எடுத்த தேதி. சரி என்று பதில் வந்திருக்கிறது.